512 எம்பி ரேம் சர்வருக்கு ஆல்பைனா, டெபியனா? பைத்தான், போஸ்ட்கிரெஸ், தமிழ்ச் சொற்பட்டியல்

வடகரை கேட்டது:

வணக்கம். கையில் இருப்பது சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்று: ஒரு விசிபியு, 512 எம்பி ரேம், 10 ஜிபி டிஸ்க், கேவிஎம் வகை. அதில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடுகிறது. 2024 ஜூன் 30-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றுவிட்டது. இனியும் அதை இணையத்தில் திறந்துவைக்க மனம் ஒப்பவில்லை.

ஓடுபவை மூன்றே. முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், நடுவில் கூனிகார்னில் (பைத்தான் செயலிகளை ஓட்டும் சர்வர்) ஒரு ஃபிளாஸ்க் செயலி, பின்னால் போஸ்ட்கிரெஸ் 9.2 தரவுத்தளம். தரவுத்தளத்தில் வட்டார வழக்குச் சொற்கள் சுமார் 40,000 இருக்கின்றன. பக்கங்கள் அகரவரிசையில் வரவேண்டும்.

ரேமைக் கூட்ட இப்போதைக்கு வழியில்லை. ஆல்பைன், டெபியன், ஓப்பன்பிஎஸ்டி என்று மூன்று இயங்குதளங்களின் பெயர் சொல்கிறார்கள். 512-க்குள் எது நிம்மதியாக ஓடும்? ஆல்பைனில் பைத்தான் பேக்கேஜ்கள் தகராறு செய்யும் என்பது எந்த அளவுக்கு உண்மை? பராமரிக்க ஒரே ஆள்தான், அதுவும் மாதம் ஓரிரு மணி நேரம். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

தாழ்வாரம் எழுதியது:

வணக்கம் வடகரை. உங்கள் பட்டியலுக்கு ஆல்பைன் நன்றாகப் பொருந்தும். ரேம் குறைவாகத் தின்னும் என்பதைவிடப் பெரிய காரணம், நீங்கள் ஓட்டும் மூன்றும் அதன் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன என்பது. ஆல்பைனைத் தேர்வதற்கு முன் செய்யவேண்டிய முதல் சோதனையே இதுதான். உங்களுக்குத் தேவையான ஏதோ ஒன்று ஆயத்த பைனரியாக மட்டுமே வருமானால் அந்த இடத்திலேயே டெபியன் பக்கம் திரும்பிவிடுங்கள்.

ஏன் என்றால் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகமாக ஆல்பைனில் இருப்பது ஜிலிப்சி அல்ல, மசல். ஜிலிப்சிக்காகக் கட்டிய பைனரியை இதில் ஓட்டினால் ஷெல் 'நாட் ஃபவுண்ட்' என்று சொல்லும். எல்எஸ் போட்டால் கோப்பு கண்ணெதிரே இருக்கும், அனுமதியும் சரியாக இருக்கும். ஷெல் தேடிக் கிடைக்காமல் போவது அந்தக் கோப்பை அல்ல. கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும் ஜிலிப்சி லோடர்தான் சர்வரில் இல்லை. ஜிகாம்பாட் என்ற பேக்கேஜ் சில பைனரிகளை ஓடவைக்கும். அதை நம்பி ஒரு சர்வரை நிறுத்தாதீர்கள்.

ரேம் கணக்கு: எஸ்எஸ்ஹெச் மட்டும் ஓடும் ஆல்பைன் சுமார் 50 எம்பியில் உட்கார்ந்துவிடும். டெபியன் அதைப்போல் இரு மடங்கு எடுக்கும். இந்த 50 எம்பி வித்தியாசம் உதவும்தான், ஆனால் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போவது போஸ்ட்கிரெஸும் கூனிகார்னும். போஸ்ட்கிரெஸில் ஷேர்ட்_பஃபர்ஸ் இயல்பாக 128 எம்பி, அதை 64 ஆக்குங்கள். மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் 100 இருக்கும், 20 போதும். மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் 64-இலிருந்து 32 எம்பி. ஒர்க்_மெம் 4 எம்பியாகவே இருக்கட்டும். கூனிகார்னுக்கு ஒரே வொர்க்கர், நான்கு த்ரெட், கூடவே பிரீலோட். வொர்க்கரை நான்காக வைத்தால் ஃபிளாஸ்க் செயலியின் நினைவகம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், இந்தப் பெட்டியில் அதற்கு இடமில்லை. இப்படி வைத்தால் எல்லாம் சேர்ந்து 250 எம்பியை ஒட்டி நிற்கும், மீதி டிஸ்க் கேஷுக்குப் போகும். ஃப்ரீ கட்டளையில் 'யூஸ்ட்' பத்தியைப் பார்த்துப் பதற வேண்டாம், 'அவெய்லபிள்' பத்தியைப் பாருங்கள்.

நிறுவும்போது 'விர்ச்சுவல்' என்ற ஐஎஸ்ஓவை எடுங்கள். அதில் வருவது லினக்ஸ்-விர்ட் கெர்னல். விபிஎஸ்ஸுக்கு வேண்டாத டிரைவர்கள் அதில் இருக்காது. கன்சோலில் ரூட்டாக நுழைந்து செட்டப்-ஆல்பைன் ஓட்டினால் விசைப்பலகை, ஹோஸ்ட்நேம், நெட்வொர்க், நேர மண்டலம் என்று வரிசையாகக் கேட்கும். டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்த என்று கேட்கும்போது கட்டாயம் 'சிஸ்' என்று கொடுங்கள். அங்கே தவறினால் சர்வர் முழுக்க ரேமிலேயே ஓடும். எல்பியு கமிட் (மாற்றங்களைச் சேமிக்கும் கட்டளை) செய்யாத மாற்றம் எதுவும் அடுத்த ரீபூட்டுக்குத் தங்காது. ஸ்வாப் பகுதியை (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) நீக்கிவிடாதீர்கள். 512 எம்பி பெட்டியில் ஒரு வேக்யூம் (போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலை) ஓடும் நேரத்தில் பேக்கப்பும் கிளம்பினால் ஸ்வாப் இல்லாத சர்வரில் கெர்னல் முதலில் போஸ்ட்கிரெஸைத்தான் கொல்லப் பார்க்கும்.

பைத்தான் தகராறு என்பது பாதி பழைய கதை. 2021-இல் மசல்லினக்ஸ் என்ற வீல் (முன்பே கட்டிய பைத்தான் பேக்கேஜ்) வகை வரையறுக்கப்பட்ட பிறகு பெரும்பாலான பெயர்பெற்ற பேக்கேஜ்கள் ஆல்பைனுக்கும் ஆயத்த வீல் தருகின்றன. வீல் இல்லாத ஒன்றிரண்டில்தான் சிக்கல். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் உடனே ஜிசிசி கம்பைலரைத் தேடும், சி++ கம்பைலர் ஒன்றே ரேமை நிரப்பும், பாதியில் 'கில்ட்' என்று நிற்கும். டிஎம்எஸ்ஜியில் (கெர்னலின் பதிவு) 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருந்தால் காரணம் அதுதான், பேக்கேஜில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வேறு கணினியில் அதே ஆல்பைன் கிளையின் (வெளியீட்டின்) கன்டெய்னரில் பிப் வீல் ஓட்டி, விளைந்த வீல் கோப்பை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். சர்வரில் கம்பைலரே இருக்க வேண்டியதில்லை. ஃபிளாஸ்க், கூனிகார்ன், போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்கோபிஜி2 மூன்றையும் நேராக ஆல்பைனின் பேக்கேஜ் நிறுவியான ஏபிகே வழியே போடவும் முடியும்.

இனி உங்களுக்கு மிக முக்கியமானது. மசலில் மொழிவாரியான வரிசையமைப்பு கிடையாது. போஸ்ட்கிரெஸை இயல்பான லிப்சி கொலேஷனில் (சி நூலகத்தின் வரிசை விதியில்) விட்டால் சொற்கள் யூனிகோட் எண் வரிசையில்தான் வரும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. அதனால் மனம் முன்னால் வந்து மரம் பின்னால் போகும். சொற்பட்டியலுக்கு இது ஆகாது. ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் கொலேஷன் வேண்டும். அதற்கும் ஒரு படி இருக்கிறது: ஆல்பைன் 3.16 முதல் ஐசியு தரவை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இயல்பாக வருவது ஆங்கிலத்துக்கான ஐசியு-டேட்டா-ஈஎன் மட்டும். தமிழ் விதிகள் ஐசியு-டேட்டா-ஃபுல் பேக்கேஜில் இருக்கின்றன.

வரிசை இதுதான்: ஏபிகே ஆட் போட்டு போஸ்ட்கிரெஸ்கியூஎல்17, ஐசியு-டேட்டா-ஃபுல் இரண்டையும் சேர்த்து நிறுவுங்கள். சேவையை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள், முதல் ஸ்டார்ட்டிலேயே இனிட்டிபி (டேட்டா அடைவை உருவாக்கும் வேலை) தானாக நடந்துவிடும். அதற்கு முன் எட்சி அடைவின் கான்ஃப்.டி உள்ளே இருக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் கோப்பைத் திறந்து, இனிட்டிபி_ஆப்ட்ஸ் வரியில் லோகேல்-புரொவைடர் ஐசியு, ஐசியு-லோகேல் டிஏ (தமிழின் குறி), என்கோடிங் யூடிஎஃப்8 என்று சேர்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். தரவுத்தளம் முழுவதற்கும் ஐசியுவை இயல்பாக வைக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் 15 முதல் உண்டு.

பழைய சர்வரின் டேட்டா அடைவை அப்படியே காப்பி செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தாலும் ஜிலிப்சி வரிசையில் கட்டிய இன்டெக்ஸ் மசலில் தப்பாகத் தேடும்: சொல் அட்டவணையில் இருக்கும், தேடினால் கிடைக்காது. டம்ப் (தரவின் ஏற்றுமதிக் கோப்பு) எடுத்து மீட்பதே வழி. டம்ப்பைப் புதிய சர்வரிலிருக்கும் 17-இன் பிஜி_டம்ப் கொண்டே எடுங்கள். அது 9.2 வரை பின்னோக்கிப் படிக்கும்.

நெய்தல் எழுதியது:

தாழ்வாரம் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை ஏதுமில்லை. ஆனால் கேள்வியின் கடைசி வரிக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஒரே ஆள், மாதம் ஓரிரு மணி நேரம் என்றால் நான் டெபியன் 13-ஐத்தான் சொல்வேன்.

ஆல்பைனில் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய கிளை வருகிறது. மெயின் களஞ்சியத்துக்கு இரண்டு வருடம் திருத்தம் கிடைக்கும். கம்யூனிட்டி களஞ்சியத்துக்கு அடுத்த கிளை வெளியாகும் வரைதான். உங்கள் போஸ்ட்கிரெஸும் என்ஜின்எக்ஸும் மெயினில் இருக்கின்றன, ஃபிளாஸ்க்கும் கூனிகார்னும் கம்யூனிட்டியில். அதாவது இணையத்தைப் பார்த்து நிற்கும் செயலிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கிளை மாறியே ஆகவேண்டும். டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். மூன்று வருட முழு ஆதரவும் அதன்மேல் இரண்டு வருட எல்டிஎஸ்ஸும் (நீள்கால ஆதரவு) உண்டு. அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் போட்டுவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக இறங்கும். வீல், லோகேல், ஐசியு எதிலும் மேலே சொன்ன சடங்குகள் இல்லை.

512 எம்பியில் டெபியனை வைக்கும்போது இரண்டு இடத்தில் கை வைக்கவேண்டும். ஒன்று, 13 முதல் டிஎம்பி அடைவு ரேமில் உட்கார்கிறது, பாதி ரேம் வரை வளரும். டம்ப் கோப்பையோ பதிவேற்றத்தையோ அங்கே எழுதினால் 256 எம்பி அதிலேயே போய்விடும். சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுண்ட் என்று போட்டு ரீபூட் செய்தால் அது டிஸ்க்குக்குத் திரும்பும். இரண்டு, லாக் எழுதும் ஜர்னல்டி. இயல்பாக அது டிஸ்க்கில் பத்து சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், உங்கள் 10 ஜிபியில் அது ஒரு ஜிபி. ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=50எம் என்று வையுங்கள். நிறுவலில் மென்பொருள் தேர்வுப் பக்கம் வரும்போது டெஸ்க்டாப் குறிகளை எடுத்துவிட்டு எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் விடுங்கள்.

ஓப்பன்பிஎஸ்டி பற்றி ஒரு வரி: பிஎஃப் ஃபயர்வால், வெப் சர்வர், சான்றிதழ் வாங்கும் ஆக்மி-கிளையன்ட் எல்லாம் அடிப்படை நிறுவலிலேயே வருவது அழகு. ஆனால் ஒரு வெளியீட்டுக்கு ஒரு வருடம்தான் ஆதரவு, போஸ்ட்கிரெஸுக்கு செமஃபோர் என்ற கெர்னல் வரம்புகளைக் கையால் உயர்த்தவேண்டியிருக்கும். நிலையான பக்கங்கள் மட்டும் உள்ள தளத்துக்கு அது நல்ல தேர்வு, உங்கள் தேவைக்கு இல்லை.

வடகரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நெய்தல் சொன்ன ஆறு மாதக் கணக்கை யோசித்தேன். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், எனவே ஆல்பைன் 3.22 நிறுவியாகிவிட்டது. மூன்று இடத்தில் நிற்கிறேன்.

அட்யூசர் -டி (பெரிய D) கொண்டு ஒரு பயனரை உருவாக்கி ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் சாவியை வைத்தேன். கோப்பு 600, அடைவு 700, உரிமையாளர் சரி. ஆனாலும் சாவி மறுக்கப்படுகிறது. அதே சாவி ரூட்டுக்கு வேலை செய்கிறது.

வீட்டுக் கணினியிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போட்டால் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி புரொஹிபிட்டட்' என்கிறது.

மரம் முன்னால், மனம் பின்னால் என்று சரியாக வருகிறது. ஆனால் பகல் முன்னால் வந்து பக்கம் பின்னால் போகிறது. அகராதி வரிசைப்படி பக்கம்தானே முதலில் வரவேண்டும்?

தாழ்வாரம் எழுதியது:

முதலாவது ஆல்பைனுக்கே உரியது. அட்யூசர் -டி கடவுச்சொல் இல்லாமல் பயனரை உருவாக்கும்போது ஷேடோ கோப்பில் கடவுச்சொல் இடத்தில் ஆச்சரியக்குறி வைக்கிறது. அதன் பொருள் பூட்டிய கணக்கு. ஆல்பைனின் இயல்பான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பிஏஎம் (உள்நுழைவைச் சரிபார்க்கும் அமைப்பு) இல்லாமல் கட்டப்பட்டது, அது இந்தக் குறியைத் தானே படித்துச் சாவியையும் சேர்த்து மறுக்கிறது. வார் லாக் மெசேஜஸ் கோப்பில் 'அக்கவுண்ட் இஸ் லாக்ட்' என்ற வரி கிடக்கும், பாருங்கள். அந்த ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டு நட்சத்திரக்குறி வையுங்கள். நட்சத்திரம் என்றால் கடவுச்சொல்லால் நுழைய முடியாது, சாவிக்குத் தடையில்லை. பாஸ்வேர்ட் -யு கட்டளையால் திறக்கச் சொல்லி சில பக்கங்களில் இருக்கும். அது குறியை நீக்கிவிட்டு இடத்தை வெறுமையாக விடக்கூடும், வெற்றுக் கடவுச்சொல்லோடு ஒரு கணக்கை இணையத்தில் வைக்கக்கூடாது.

இரண்டாவது: ஆல்பைன் தரும் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பில் அலவ்டிசிபிஃபார்வர்டிங் 'நோ' என்று எழுதியே வருகிறது. எல்லோருக்கும் 'எஸ்' ஆக்காமல் கோப்பின் கடைசியில் மேட்ச் யூசர் போட்டு உங்கள் பயனருக்கு மட்டும் 'லோக்கல்' கொடுங்கள். எஸ்எஸ்ஹெச்டி -டி (டெஸ்ட்டுக்கான சிறிய t) போட்டு இலக்கணம் சரிபார்த்த பின் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய அமர்வை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறந்து பார்ப்பது நல்லது.

மூன்றாவதில் நீங்கள் தந்த இரண்டு சோடிச் சொற்களே நோயைச் சொல்லிவிடுகின்றன. மரம், மனம் சரியாக வருவதால் ஐசியு ஓடுகிறது, அதன் பொதுவிதியில் ற, ன இரண்டும் மெய்வரிசையின் கடைசியில்தான் உள்ளன. ஆனால் க் என்ற மெய், க என்ற உயிர்மெய்க்கு முன் வரவேண்டும் என்பது தமிழுக்கான தனி விதி. அது சேரவில்லை. ஒன்று, ஐசியு-டேட்டா-ஃபுல் பின்னால் வந்திருக்கும். அல்லது லோகேல் மதிப்பாக டிஏ இல்லாமல் வேறு ஏதோ பதிந்திருக்கும். பிஎஸ்கியூஎல்லில் \எல் போட்டால் தரவுத்தளத்தின் ஐசியு லோகேல் தெரியும்.

தரவு குறைவு, டம்ப்பும் கையில் இருக்கிறது. எனவே டேட்டா அடைவை அப்புறப்படுத்தி, சரியான இனிட்டிபி வரியோடு மறுபடி தொடங்குவதே சுத்தம். அப்படிச் செய்ய முடியாத நிலை என்றால்: ஐசியு-டேட்டா-ஃபுல் நிறுவி, போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்து, சூப்பர்யூசராக பிஜி_இம்போர்ட்_சிஸ்டம்_கொலேஷன்ஸ் என்ற ஃபங்ஷனைப் பிஜி_கேட்டலாக் ஸ்கீமாவுக்கு ஓட்டுங்கள். டிஏ-எக்ஸ்-ஐசியு என்ற கொலேஷன் பட்டியலில் சேரும். பிறகு சொல் பத்தியின் கொலேஷனை ஆல்டர் டேபிள் வழியே அதற்கு மாற்றுங்கள். வினவலின் ஆர்டர் பை (ORDER BY) பகுதியில் மட்டும் கொலேட் சேர்த்தால் வரிசை சரியாக வரும், ஆனால் பழைய இன்டெக்ஸ் வேறு கொலேஷனில் இருப்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 40,000 சொல்லையும் புதிதாக அடுக்கிக்கொண்டிருக்கும்.

பனந்தோப்பு எழுதியது:

இதுவரை யாரும் தொடாத இரண்டு: சேவைக் கோப்பு, கிளை மாறுதல்.

ஆல்பைனில் சேவைகளை நடத்துவது சிஸ்டம்டி அல்ல, ஓப்பன்ஆர்சி. கூனிகார்னுக்கு நீங்களே ஒரு இனிட் ஸ்கிரிப்ட் எழுதவேண்டும். அதில் சூப்பர்வைசர் வரிக்கு சூப்பர்வைஸ்-டீமன் என்று கொடுத்தால் செயலி விழுந்தால் தானாக எழும். கூனிகார்னின் டீமன் விருப்பத்தை அப்போது அணைத்தே வைக்கவேண்டும். இல்லையென்றால் அது பின்னணிக்குப் போனதும் சூப்பர்வைஸ்-டீமன் 'செத்துவிட்டது' என்று எண்ணி இன்னொன்றைக் கிளப்பும், போர்ட் பிடிபட்டிருக்கிறது என்று அது விழும், இப்படியே சுற்றும். அவுட்புட்_லாக், எர்ரர்_லாக் இரண்டையும் கட்டாயம் நிரப்புங்கள். ஜர்னல்டி இல்லாததால் அவை இல்லாமல் டிரேஸ்பேக் எங்கும் சேமிக்கப்படாது. ஆல்பைனின் அடிப்படைக் கருவித்தொகுப்பான பிசிபாக்ஸின் சிஸ்லாக் இயல்பாக 200 கேபியில் கோப்பைச் சுழற்றி ஒரே ஒரு பழைய கோப்பை வைத்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் கதவைத் தட்டும் ரோபோக்கள் அதைச் சில மணி நேரத்தில் நிரப்பிவிடும். அதன் -எஸ் (கோப்பின் அளவு), -பி (பழைய கோப்புகளின் எண்ணிக்கை) மதிப்புகளை உயர்த்துங்கள்.

பேக்கப் ஸ்கிரிப்ட்டை எட்சி அடைவின் பீரியாடிக், டெய்லி உள்ளே வைப்பீர்கள். பெயர் பேக்கப் என்று மட்டும் இருக்கட்டும். பேக்கப்.எஸ்ஹெச் என்று புள்ளி வைத்தால் ரன்-பார்ட்ஸ் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். பிழைச் செய்தியும் வராது. ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட் போட்டு அந்த அடைவைக் காட்டினால் எவை ஓடும் என்று பட்டியலிடும்.

கிளை மாறுதல்: ஏபிகே ரெப்பாசிட்டரீஸ் கோப்பில் வி3.22 என்று எண் இருக்கட்டும். லேட்டஸ்ட்-ஸ்டேபிள் என்று வைத்தால் ஏதோ ஒரு வழக்கமான அப்கிரேட் நாளில் கேட்காமலேயே அடுத்த கிளைக்குத் தாவிவிடும். எட்ஜ் என்ற சோதனைக் களஞ்சியத்தின் வரியை ஒரு பேக்கேஜுக்காகக்கூடச் சேர்க்காதீர்கள். மாறும்போது இரண்டு வரியிலும் எண்ணை மாற்றி, ஏபிகே அப்டேட், பிறகு ஏபிகே அப்கிரேட் --அவெய்லபிள், சிங்க், உடனே ரீபூட். 'உடனே' என்பதற்குக் காரணம் உண்டு. ஏபிகே பழைய கெர்னலை நீக்கிவிட்டே புதியதை வைக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல்களும் டிஸ்க்கிலிருந்து போய்விடும். ரீபூட் செய்யாமல் வைத்திருந்து, இரண்டு நாள் கழித்து ஃபயர்வாலில் ஒரு விதி சேர்த்தால் மாட்யூல் இல்லை என்று அடம்பிடிக்கும். ஒரே கிளைக்குள் கெர்னல் புதுப்பிக்கும்போதும் இதே நிலைதான்.

ரீபூட்டுக்கு முன் .ஏபிகே-நியூ என்று முடியும் கோப்புகளை எட்சியில் தேடுங்கள். நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்புகளின் புதிய வடிவம் அந்தப் பெயரில் பக்கத்தில் கிடக்கும். அப்டேட்-கான்ஃப் அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டும். புதிய கிளையில் பைத்தானின் இரண்டாம் எண் மாறியிருந்தால் வென்வை (செயலியின் தனிப் பைத்தான் சூழல்) அழித்துப் புதிதாகக் கட்டவேண்டும், பழையது எந்த மாட்யூலும் இல்லை என்றே சொல்லும்.

போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ் பெயரிலேயே 17 இருப்பதால் கிளை மாறினாலும் அதுவாக 18-க்குப் போகாது. ஐசியு மாறும். லாகில் 'கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்ற எச்சரிக்கை வந்தால் அதை ஒதுக்காதீர்கள்: முதலில் ரீஇன்டெக்ஸ் டேட்டாபேஸ், முடிந்த பிறகே ஆல்டர் டேட்டாபேஸில் ரீஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன். பத்திக்கே டிஏ-எக்ஸ்-ஐசியு கொடுத்திருந்தால் ஆல்டர் கொலேஷனிலும் அதே ரீஃப்ரெஷ் வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் எச்சரிக்கை மறைந்துவிடும், இன்டெக்ஸ் பழைய வரிசையிலேயே இருக்கும். 40,000 சொல்லுக்கு ரீஇன்டெக்ஸ் சில நொடி வேலைதான்.